வீட்டு நீச்சல் குளத்துக்கு எந்த வடிவம்? கொழிஞ்சாம்பாறைக்குச் செவ்வகம்தான்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீடு, பின்னால் தென்னை. குளத்தைச் சிறுநீரக வடிவில் கட்டலாமா, செவ்வகமாகவா என்று கேட்டிருக்கிறீர்கள். சித்தூர் தாலுகாவில் கட்டட வேலை பார்ப்பவன் நான். தயங்காமல் செவ்வகம் போடுங்கள்.

சிறுநீரக வடிவத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது, 1948இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் தோட்ட வடிவமைப்பாளர் தாமஸ் சர்ச் அமைத்த டொனல் தோட்டத்துக் குளம். கீழே சதுப்பு நிலத்தில் ஓடைகள் வளைந்து ஓடும்; குளத்தின் வளைவும் அவற்றோடு இசைந்து போகும். நம் தோப்பிலோ 25 அடிக்கு ஒரு தென்னை, நேர் வரிசை. அதன் ஓரத்தில் வளைவு போட்டால் எதற்கும் உதவாத துண்டு நிலம்தான் மிஞ்சும்.

மண்ணையும் பாருங்கள். நம் பக்கம் பல இடங்களில் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். வட்டச் சுவர் வெளிமண்ணின் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், கிணற்றில் பார்க்கிறோம். ஆனால் சிறுநீரக வடிவில் ஒரு பக்கச் சுவர் குளத்துக்குள் பிதுங்கி நிற்கும். அங்கே மண் தள்ளும்போது சுவர் இறுகாமல் இழுபடும், விரிசல் விடும். வளைவில் டைலை ஆப்புப்போல் வெட்டி ஒட்டுவார்கள்; சந்து ஒரு முனையில் அகலமாகும். விரலால் தடவிப் பாருங்கள், பாசியின் முதல் வழவழப்பு அந்தச் சந்தில்தான் இருக்கும்.

நம் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் பாதையில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து அடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து. குளத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் சருகு குறுகிய சுவரோரம் ஒதுங்கும். இரு முனையிலும் மிதக்கும் சருகை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மர் ஒவ்வொன்று வையுங்கள்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம் என்றால் 41,600 லிட்டர் தண்ணீர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் வற்றினாலே 160 லிட்டர் போய்விடும். கோடையில் கிணறு வற்றும் ஊரில் மூடி வைக்காமல் முடியாது. செவ்வகத்தின் மேல் விரிப்பை உருளையிலிருந்து இழுத்து மூடிவிடலாம். வளைந்த குளத்துக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

உள்மூலைகளை மட்டும் மழுக்கிவிடச் சொல்லுங்கள், அழுக்கு தங்காது. மட்டையும் தேங்காயும் விழாத தூரத்தில் இடம் பாருங்கள். பருவமழையில் குளத்தை ஒருபோதும் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஏறினால் வெற்றுத் தொட்டியை அப்படியே மேலே தூக்கிவிடும்.