ஷூட்டர் கேம்களில் சிலர் ஏன் ஹீலராக ஆட விரும்புகிறார்கள்?

எதிரியைச் சுடுவதைவிட, அடிபட்ட கூட்டாளிகளின் ஹெல்த்தை ஏற்றிவிடுவதையே முதல் வேலையாகக் கொண்டவர் ஹீலர். 2007-இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டில் வரும் மெடிக் என்ற மருத்துவர் பாத்திரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

செத்தவர் மறுபடி தொடக்க இடத்திலிருந்து ஓடிவர வேண்டும்; அதுவரை அணியில் ஓர் ஆள் குறைவு. அந்த இழப்பைத் தடுப்பவர் மெடிக். குணப்படுத்தக் குணப்படுத்த அவருக்கு ஊபர்சார்ஜ் என்ற சிறப்புச் சக்தி நிரம்பும். அதைப் பயன்படுத்தினால் அவரும் ஒரு கூட்டாளியும் 8 விநாடிகளுக்கு எந்தக் குண்டுக்கும் சாகமாட்டார்கள். இழுபறியாக நிற்கும் ஆட்டம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் திரும்பும். பந்தியில் பரிமாறுபவரைப் போல, யார் இலை காலியாகிறது என்று வரிசை முழுவதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் பொறுப்பில்தான் சுவையே இருக்கிறது.

குறிபார்க்கத் தெரியாதவர்கள்தான் ஹீலர் ஆவார்கள் என்பது தவறு: எதிரணி முதலில் தேடுவதே மெடிக்கைத்தான், விலகி ஓடவும் திருப்பிச் சுடவும் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.