15 வயது ஸ்ப்ளெண்டரும் எஃப்சியும்: இன்ஜினை விடுங்க, பல்பைப் பாருங்க

டேங்கில் ‘ஹீரோ ஹோண்டா’ என்று எழுதிய ஸ்ப்ளெண்டர்கள் அநேகமாக எல்லாமே 15 வயதைத் தொட்டுவிட்டன, அல்லது தாண்டிவிட்டன. இரண்டு கம்பெனியும் பிரிந்து ஹீரோ மோட்டோகார்ப் என்ற பெயர் வந்தது 2011-ல், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிப்பும், அதற்கு வேண்டிய எஃப்சியும் (தகுதிச் சான்று).

பழைய ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஆர்சி முடியப் போகிறது. எஃப்சிக்குக் கொண்டுபோகும் முன் இன்ஜினைப் பிரித்து போர் வேலை (சிலிண்டரைக் கடைவது) பார்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (திருச்சி)

வண்டி புகை விடுகிறதா? ஆயில் குறைகிறதா? இரண்டும் இல்லை என்றால் இன்ஜினில் கை வைக்காதீர்கள். 97 சிசி, நாலு கியர், காற்றில் குளிரும் சாதாரண இன்ஜின், ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றியிருந்தால் கல்லு மாதிரி நிற்கும். எஃப்சிக்கு வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் உங்கள் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அவர் பார்ப்பது வண்டியைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்ன சாமான்களை, அங்கேதான் இந்த மாடல் மாட்டுகிறது. ஹாரன் அடிக்காது, ஒரு இண்டிகேட்டர் எரியாது, பிரேக் லைட் வராது, கண்ணாடி ஒன்றுதான் இருக்கும், நம்பர் பிளேட்டில் நம்பரைவிடத் தலைவர் படம் பெரிதாக இருக்கும்.

பிரேக் லைட்டை மட்டும் இன்றைக்கே பாருங்கள். பின் பிரேக் மிதியிலிருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங் மேலே போய் ஒரு சுவிட்சை இழுக்கும், அந்த ஸ்பிரிங் சேறு பட்டுத் துருப்பிடித்து நீண்டுபோயிருக்கும், அல்லது அறுந்தே போயிருக்கும். மிதித்தால் லைட் வராது, பல்பு போய்விட்டது என்று நினைத்துப் பல்பை மாற்றுவார்கள், மறுபடியும் வராது. முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள், அப்புறம் பல்பு.

அடுத்து பிரேக் ஷூ. டிரம்மைக் கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். பிரேக் ஆர்ம் பக்கத்தில் ஒரு அம்புக்குறித் தகடு இருக்கும், பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அந்த அம்பு டிரம் பிளேட்டில் உள்ள கோட்டோடு நேராக வந்துவிட்டால் ஷூ முடிந்தது என்று அர்த்தம். நட்டை முறுக்கி முறுக்கி டைட் வைத்துக்கொண்டே போவதில் பிரயோஜனம் இல்லை.

ஒரு முக்கியமான விஷயம்: எஃப்சிக்காக வண்டிக்கு பெயிண்ட் அடிப்பவர்கள், ஹேண்டில் கழுத்துப் பகுதியில் இருக்கும் சேசிஸ் நம்பர் மீது எமரி பேப்பர் படவே கூடாது என்று பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். நம்பர் மங்கி, அதன் மேல் தாளை வைத்து பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாமல் போனால் பளபளக்கும் வண்டியோடு திரும்பி வர வேண்டியதுதான். துருவில் அழிந்துவிட்டது என்றால் நீங்களாக யாரிடமும் பஞ்ச் அடிக்கக் கொடுக்காதீர்கள், பெரிய வம்பு. ஆர்டிஓ ஆபீசில் எழுதிக் கொடுத்து அவர்கள் அனுமதியோடு செய்வதுதான் வழி.

சொந்த உபயோக வண்டியின் 15 வருடம் பதிவான தேதியிலிருந்து கணக்கு. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம், புதுப்பித்தால் 5 வருடம். இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி மூன்றும் கையில் இருக்கட்டும்.

ஐட்லிங்கில் ஹெட்லைட் மினுக் மினுக் என்று மங்குகிறது, முறுக்கினால் பிரகாசமாகிறது. புது பேட்டரி போட்டும் அப்படியே. (விருதுநகர்)

பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கால ஸ்ப்ளெண்டரில் ஹெட்லைட்டுக்கு மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏசி கரண்ட் போகிறது, இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் வெளிச்சமும் குறையும், அது அதன் சுபாவம். ஓட்டும்போது நன்றாக எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். எரியவில்லை என்றால் ஹெட்லைட் டூமுக்குள் இருக்கும் எர்த் ஒயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும்.

பேட்டரி வேலை செய்வது ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்கு. பேட்டரி செத்தாலும் கிக்கரில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் வருடக்கணக்கில் செத்த பேட்டரியோடு ஓட்டுகிறவர்கள் நிறைய. எஃப்சி அன்றைக்குத்தான் மூன்றும் ஒரே நேரத்தில் காலை வாரும்.

புகை டெஸ்டில் சிஓ 5 சதவீதத்துக்கு மேல் காட்டி ஃபெயில். 2008 வண்டி, புகை கண்ணுக்கே தெரியவில்லையே? (சேலம்)

சிஓ என்பது கார்பன் மோனாக்சைடு, கண்ணுக்குத் தெரியாதுங்க. உங்கள் வண்டி வயதுக்கு, அதாவது 2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான பிஎஸ்4 புகை விதிக்கு முந்தைய நாலு ஸ்ட்ரோக் வண்டிக்கு, சிஓ வரம்பு 3.5 சதவீதம், ஹெச்சி (எரியாத பெட்ரோல், ஹைட்ரோகார்பன்) 4,500 பிபிஎம். டெஸ்ட் எடுப்பது ஐட்லிங்கில். ஆகவே நீங்கள் 60-ல் எவ்வளவு அருமையாகப் போகிறீர்கள் என்பது அங்கே கணக்கில் வராது, கார்புரேட்டரின் ஐட்லிங் வழி சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சிஓ மட்டும் அதிகம் என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் லீவர் பாதியில் சிக்கியிருக்கிறதா பாருங்கள், இது ரொம்ப சகஜம். அப்புறம் ஏர் ஃபில்டர், அப்புறம் ஃப்ளோட் அளவு, கடைசியாக ஏர் ஸ்க்ரூ. ஹெச்சி எகிறினால் கதை வேறு: பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது, பிளக்கையும் வால்வு கிளியரன்ஸையும் பார்க்க வேண்டும். பத்து நிமிடமாவது ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டு டெஸ்டுக்கு நிறுத்துங்கள், வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து நேராகக் கொண்டுபோனால் நல்ல வண்டியும் ஃபெயில் ஆகும். பாஸ் ஆனாலும் உங்கள் வண்டிக்குச் சான்று 6 மாதம்தான், தேதியை எங்காவது குறித்து வையுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ‘கரகர’ சத்தம், கொஞ்ச நேரத்தில் குறைகிறது. வண்டி 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பயப்பட வேண்டுமா?

டைமிங் செயின். இந்த மாடலை வைத்திருக்கும் யாருக்கும் பழக்கமான சத்தம்தான். சூடானதும் அடங்குகிறது என்றால் உடனே ஆபத்தில்லை. சூடான பிறகும் முறுக்கும்போதெல்லாம் கேட்டால் செயின், டென்ஷனர், ரோலர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், செயினை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் அதே இடத்துக்கு வருவீர்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. கடைசியாக ஆயில் ஃபில்டரைச் சுத்தம் செய்தது எப்போது? ‘இதில் ஃபில்டரே கிடையாதே’ என்பார்கள். பேப்பர் ஃபில்டர் கிடையாது, சரி. வலது பக்க கவருக்குள், கிராங்க் முனையில், சுழற்சியால் அழுக்கைப் பிரிக்கும் ஒரு ஃபில்டர் கிண்ணம் இருக்கிறது, அடியில் ஒரு வலையும் இருக்கிறது. கவரைத் திறந்தால்தான் இரண்டும் தெரியும் என்பதால் கிளட்ச் பிளேட் மாற்றும்வரை யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. திறந்தால் கிண்ணத்தின் உள்சுவரில் கறுப்புக் களிமண்ணாக அப்பியிருக்கும், நகத்தால் சுரண்டினால் திரண்டு வரும். இந்த இன்ஜின் பிடிப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். அதில் கால்வாசி குறைந்து, மீதியும் இந்தக் குப்பையோடு சுற்றினால் முதலில் அடிவாங்குவது மேலே இருக்கும் கேமும் ராக்கரும். ஸ்ப்ளெண்டர் உழைக்கும் என்ற பெயரை நம்பி ஆயிலை மறந்தவர்கள் கெடுத்த இன்ஜின்தான் ஒர்க்‌ஷாப்புக்கு அதிகம் வருகிறது.

சைலன்சர் மாற்றியிருக்கிறேன், சாரி கார்டைக் கழற்றிவிட்டேன். எஃப்சியில் கேட்பார்களா? (கோவை)

கேட்பார்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும், பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானமும் ஃபுட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 123-லேயே இருக்கிறது. பழைய சைலன்சரை எடைக்குப் போடாமல் வைத்திருந்தால் எடுத்து மாட்டுங்கள். சத்தம் போடும் சைலன்சர் எஃப்சியோடு முடியும் விவகாரமும் இல்லை, ரோட்டிலும் அபராதம்தான்.

என் பழைய வண்டியில் சிபிஎஸ் (முன், பின் பிரேக் சேர்ந்து பிடிக்கும் வசதி) இல்லை. தள்ளிவிடுவார்களா?

இல்லை. சிபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எல்லாம் 2019-ல் புது வண்டிகளுக்கு வந்த விதி. உங்கள் வண்டி தயாரானபோது இருந்த விதிதான் உங்களுக்கு.

50-க்கு மேல் போனால் ஹேண்டில் ஆடுகிறது. வீல் பெண்ட் எடுத்தாச்சு, டயரும் புதுசு. (தஞ்சாவூர்)

மெயின் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல நிற்கிறதா? ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் பேரிங், அதாவது கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது கழுத்தில் ஆட்டம் தெரிந்தாலும் அதுதான். இரண்டும் இல்லையென்றால் பின்னால் போய் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஸ்விங் ஆர்ம் புஷ்ஷை 15 வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எஃப்சிக்காக இல்லாவிட்டாலும் உங்கள் பல்லுக்காகச் சரிசெய்யுங்கள்.

2007 மாடல் சல்லிசாக வருகிறது. ஆர்சி 2022-லேயே முடிந்துவிட்டது, ‘வாங்கிட்டு நீங்களே ரினியூ பண்ணிக்குங்க’ என்கிறார் விற்பவர்.

அவர் சல்லிசாகக் கொடுப்பதே அதனால்தான். 2022 ஏப்ரலிலிருந்து, ஆர்சி புதுப்பிக்கத் தாமதமானால் இருசக்கர வண்டிக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் கட்டணம். மூன்று வருடத் தாமதம் என்றாலே 10,800 ரூபாய், புதுப்பிப்புக் கட்டணமும் பசுமை வரியும் தனி. அவரையே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள், அதற்கான விலையைப் பிறகு பேசலாம். மறுத்தால் விட்டுவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் இன்னொன்று: பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், எண்ணே வரவில்லை என்றால் பழைய புத்தக ஆர்சி கணினியில் ஏறவில்லை என்று பொருள், அதை ஏற்றுவதற்கே உரிமையாளர் ஆர்டிஓவுக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலும் அவருடையதாகவே இருக்கட்டும்.

ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் பழைய ஸ்ப்ளெண்டர் கெடுமா?

நாளைக்கே நிற்காது. பழைய பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ஓரிங் போன்ற ரப்பர் சாமான்கள் எத்தனாலில் ஊறிச் சீக்கிரம் கெடலாம், டியூபை மாற்ற அதிகம் செலவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில்தான் டேங்க் துரு, கார்புரேட்டர் அடைப்பு என்று தொல்லை. தினமும் ஓட்டுகிறீர்களா, கவலை வேண்டாம். மைலேஜ் கொஞ்சம் குறையும்.