வாசகர் கேள்வி – பதில்: டாங்கிக்குள் இயந்திரத் துப்பாக்கி

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகளில் எம்ஜி 42 தான் அதிவேகம், செய்வதற்கும் மலிவு என்கிறார்கள். அப்படியிருக்க பாந்தர், டைகர் டாங்கிகளில் ஜெர்மானியர்கள் பழைய எம்ஜி 34-ஐயே கடைசிவரை வைத்தது ஏன்?
– கோவில்பட்டி வாசகர்

குழலை மாற்றும் விதம்தான் காரணம். இந்தத் துப்பாக்கிகளில் தொடர்ந்து சுட்டால் சுமார் 250 தோட்டாவுக்கு ஒருமுறை குழலை மாற்றியாக வேண்டும். எம்ஜி 42-இல் சூடான குழல், வெளியுறையின் வலப்பக்கத் திறப்பு வழியாகப் பக்கவாட்டில் வரும். பதுங்கு குழியில் இருப்பவனுக்கு அது சில விநாடி வேலை. டாங்கியில் அந்த உறை கவசத்துக்குள் செருகி நிற்கும். பக்கத்தில் கை நுழைய வழியே இல்லை.

எம்ஜி 34-இல் பூட்டை அழுத்திப் பின்னுடலைத் திருப்பினால் குழலின் பின்வாய் திறந்துகொள்ளும். குழலைப் பின்னோக்கி உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். துப்பாக்கியைத் தாங்கியிலிருந்து கழற்ற வேண்டாம், மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டவும் வேண்டாம். கல்நார்க் கையுறை மட்டும் கட்டாயம்.

டாங்கிக்கான எம்ஜி 34-இல் உறை தடிமனானது, துளைகளும் குறைவு. தோள்கட்டை கிடையாது. ஆனால் வண்டியை விட்டு இறங்க நேர்ந்தால் பொருத்திக்கொள்ளத் தோள்கட்டையும் இருகால் தாங்கியும் உள்ளேயே இருக்கும். தோட்டாப் பட்டை 150 கொள்ளும் பையிலிருந்து ஏறும். பீரங்கியோடு இணைந்த துப்பாக்கியைக் குறிபார்ப்பவர் காலால் மிதித்துச் சுடுவார். கைகள் இரண்டும் குறிக்கும் சுழற்சிக்கும் வேண்டும். மேல்திறந்த அரைச்சங்கிலி வண்டிகளில் இந்த இடநெருக்கடி இல்லை, அங்கே எம்ஜி 42 தாராளமாக வந்தது.

அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் முகப்பில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் எதைப் பார்த்துக் குறிவைத்தார்? படங்களில் குறித்துளையே தெரியவில்லையே?
– பட்டுக்கோட்டை வாசகர்

இல்லாததால்தான் தெரியவில்லை. அங்கே இருந்தது .30 அங்குல பிரௌனிங் எம்1919ஏ4, பந்து மூட்டில் (எப்பக்கமும் திரும்பும் பந்து வடிவத் தாங்கியில்) பொருத்தியது. துணை ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள பெரிஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே கைப்பிடியை அசைப்பார். பட்டையில் இடையிடையே கோத்த ட்ரேசர் தோட்டாவின் ஒளிக்கோடு எங்கே போகிறதோ, அதைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரிதான். எதிரியைத் தலைதூக்க விடாமல் செய்ய அது போதும். 300 மீட்டரில் ஒரு ஜன்னலைக் குறிவைக்க உதவாது.

இதே இடத்தில் ஜெர்மன் டாங்கியின் வானொலி இயக்குபவருக்குப் பந்துக்குள்ளேயே 1.8 மடங்கு குறிநோக்கி உண்டு. சோவியத் டி-34 டாங்கியின் முகப்புத் துப்பாக்கியில் ஒரு சிறு துளை மட்டுமே. வண்டி ஆடும்போது அதில் ஆகாயமும் மண்ணும் மாறி மாறித் தெரியும்.

இதைவிட மோசமானது ஆரம்பகால ஷெர்மனில் இருந்தது: அசையாத இரட்டைத் துப்பாக்கி. ஓட்டுநர் சுடுவார், குறிவைக்க முழு டாங்கியையும் திருப்ப வேண்டும். சீக்கிரமே எடுத்துவிட்டார்கள், எடுத்தது சரி.

எம்1919-க்கு இன்னொரு தொல்லை உண்டு. அது மூடிய போல்ட்டிலிருந்து சுடுவது (போல்ட் என்பது தோட்டா அறையின் பின்வாயை அடைக்கும் பாகம்). சுடுவதை நிறுத்தினாலும் அடுத்த தோட்டா சூடான அறைக்குள்ளேயே கிடக்கும், வெப்பத்தில் தானாக வெடிக்கும். அதனால் சிறு சிறு தொடராகச் சுடுவதும், நிறுத்தியதும் மூடியைத் தூக்கி அறையைக் காலி செய்வதும் அவசியம். சோவியத் டாங்கிகளின் டிடி துப்பாக்கி திறந்த போல்ட் வகை. நிறுத்தியதும் அறை காலியாகவே இருக்கும், இந்தத் தொல்லை வராது.

டிடி துப்பாக்கியில் பட்டைக்குப் பதில் வட்டத் தட்டு எதற்கு?
– ஈரோடு வாசகர்

காலாட்படையின் டிபி துப்பாக்கியிலிருந்து பிறந்தது அது, தட்டும் கூடவே வந்தது. டிபி-யின் தட்டில் 47 தோட்டா. டாங்கிக்காக விட்டத்தைக் குறைத்து, மூன்று அடுக்காக்கி, 63 கொள்ளவைத்தார்கள். நிமிடத்துக்கு 600 வேகத்தில் விசையை விடாமல் பிடித்தால் ஆறு விநாடியில் காலி. நெருக்கடியில் தட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழலுக்குக் கீழே இருந்த மீள்சுருள் சூட்டில் தளர்ந்துபோவது அதன் பெரிய குறை. 1944-இல் வந்த டிடிஎம்-இல் சுருளைப் பின்பக்கம் மாற்றியபிறகே தீர்ந்தது.

ஷெர்மனின் மேல் இருக்கும் பெரிய .50 துப்பாக்கியை உள்ளிருந்தபடி சுட முடியுமா?
– திருகோணமலை வாசகர்

முடியாது. அது விமானங்களுக்காக வைத்தது. தாங்கி டரெட்டின் (பீரங்கி பொருந்திய சுழல் கோபுரத்தின்) பின்பக்கம் இருக்கும் வண்டிகளில் முன்னோக்கிச் சுட வேண்டுமானால் ஒருவர் எஞ்சின் மூடிமேல் ஏறி, உடம்பு முழுவதும் வெளியே தெரிய நிற்க வேண்டும். தாங்கியை முன்னால் நகர்த்திக்கொண்ட குழுக்களும் உண்டு. 1945 ஜனவரி 26 அன்று பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் அருகே, எரிந்துகொண்டிருந்த எம்10 டாங்கி அழிப்பு வண்டிமேல் ஏறி இதே வகைத் துப்பாக்கியால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஜெர்மன் படையைத் தடுத்தவர் அமெரிக்கப் படைவீரர் ஆடி மர்ஃபி.

சுமார் 38 கிலோ எடையுள்ள அந்த எம்2-இல் குழலைத் திருகிப் பொருத்தும்போது போல்ட்டுக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். இறுகினால் போல்ட் முழுதாக மூடாது, துப்பாக்கி மந்தமாகும் அல்லது சுடாது. தளர்ந்தால் தோட்டாக்கூடு உள்ளேயே கிழியும், சுடுபவருக்கும் ஆபத்து.

பிரிட்டிஷ் டாங்கிகளில் ஜெர்மன் அளவுத் தோட்டாவா?
– சிவகாசி வாசகர்

ஆம், 7.92 மி.மீ. பெசா துப்பாக்கி செக் நாட்டு இசட்பி-53-இன் வடிவமைப்பு. அதை விளிம்புள்ள .303 தோட்டாவுக்கு மாற்றினால் உற்பத்தி தாமதமாகும். டாங்கிப் படைக்குத் தோட்டா தனி வழியில்தான் வருகிறது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். கைப்பற்றிய ஜெர்மன் தோட்டாவும் அதில் ஓடும்.

இன்றைய டாங்கிகளில் முகப்புத் துப்பாக்கி ஏன் இல்லை?
– நாகர்கோவில் வாசகர்

அந்த இடம் பீரங்கிக் குண்டுக்குத் தேவைப்பட்டது. பிரிட்டன் 17 பவுண்டர் பீரங்கி பொருத்திய ஷெர்மன் ஃபயர்ஃப்ளையிலேயே துணை ஓட்டுநரை நீக்கி, அங்கே குண்டுகளை அடுக்கினார்கள். பந்து மூட்டுக்கான ஓட்டை முகப்புக் கவசத்தையும் பலவீனமாக்கும். அமெரிக்காவில் ஐந்து பேர் ஏறிய எம்47-தான் அந்தத் துப்பாக்கியோடு வந்த கடைசி நடுத்தர டாங்கி; அடுத்த எம்48-இல் நான்கே பேர்.