கொழுப்பு கூடினால் இதயத்தின் தாளம் மாறுமா?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 92 கிலோ. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 90-ஐத் தொடுகிறது. ஈ.சி.ஜி.யில் கோளாறு எதுவும் இல்லை. எடைதான் காரணமா?
– வாசகர், சேலம்

பதில்: காரணமாக இருக்கலாம், ஆயினும் தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள்.

துடிப்பைத் தொடங்கிவைக்கும் இதயத்தின் துடிப்புமுனையை (சைனஸ் கணு) அதன்போக்கில் விட்டால், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும்; ஓய்வில் அதை 60, 70 என்று அடக்கி வைப்பது மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு. வயிற்றுக்குள் கொழுப்பு மிகும்போது, கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனும் இரத்தத்தில் உயரும் இன்சுலினும், துடிப்பை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளை ஓயாமல் தூண்டுவதால், வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது. நலமான இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். மூச்சை இழுக்கையில் சற்று விரைந்தும், விடுகையில் தணிந்தும் துடிக்கும் அந்த நெகிழ்வு, உடல் பருத்தவர்களிடம் குறைந்துவிடுகிறது.

இதயத்தின்மேல் படியும் கொழுப்பும், குறட்டையோடு உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதும், மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ நோய்க்கு வழிவகுக்கின்றன. ஆனால் மனம் தளர வேண்டாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இந்நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், எடையை 10 சதவீதமேனும் குறைத்தவர்கள் தாளக்கோளாறின்றி வாழும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கு கூடியிருந்தது.

உங்கள் இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் வரட்டும், நாள்தோறும் நடைப்பயிற்சி செய்யுங்கள். படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.