மோட்டார் ஸ்டார்ட்டர் கைவந்த பையன், பாடப்புத்தகத்தில் திணறுகிறான்: பத்தாவதுக்குப் பிறகு எங்கே சேர்ப்பது?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "நாங்க தக்காளி போடுறோம். பையனுக்குப் பதினாறு வயசு. போன வருஷம்தான் டிஸ்லெக்சியான்னு ஒரு சைக்காலஜிஸ்ட் சொன்னாங்க. பத்தாவது எப்படியோ பாஸாகிட்டான். ஊர்ல போர் மோட்டார் ஓடலைன்னா இவனைத்தான் கூப்பிடுறாங்க. சொந்தக்காரங்க பெங்களூர் பேக்கரிக்கு அனுப்பச் சொல்றாங்க. அவங்க அப்பா ஐ.டி.ஐ.ங்கிறார். எனக்கு பிளஸ் டூ படிக்க வைக்கணும்னு ஆசை. என்ன பண்ணட்டும்?"

அம்மா, உங்கள் மகனுக்குப் புத்தியில் குறை கிடையாது. டிஸ்லெக்சியா என்றால், எழுத்தையும் அதன் ஒலியையும் சட்டென்று இணைப்பதில்தான் அவனுக்குச் சிரமம். ல, ள, ழ குழம்பும். ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் களைத்துவிடுவான். ஆனால் மோட்டார் நின்றால் கான்டாக்டர் (ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சுவிட்ச்) 'டக்' என்று இழுக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறான், பாரம் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே விழுந்திருக்கிறதா, ஒரு ஃபேஸ் வரவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து பழுதைப் பிடிக்கிறான். இது படித்த எலக்ட்ரீஷியன் யோசிக்கும் அதே முறை. (ஒன்று மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: மூன்று ஃபேஸ் கரண்டில், மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கழற்றாமல், பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் அவன் கை வைக்கக் கூடாது. ஊர்க்காரர்கள் கூப்பிட்டாலும் சரி.)

அதனால் என் கருத்து, அவன் அப்பா சொல்வதுதான். அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு. பத்தாவது பாஸ் போதும், இரண்டு வருடப் படிப்பு. பிளஸ் டூவில் இரண்டு வருடமும் பக்கம் பக்கமாகப் படித்து எழுதவேண்டும். அவனுக்கு எது வராதோ அதையே நாள் முழுக்கச் செய்யச் சொல்வதாகிவிடும். ஐ.டி.ஐ.யில் நாளின் பெரும்பகுதி ஒர்க்‌ஷாப்பில் போகும். தியரி உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதன் தேர்வு கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கிறது. கட்டுரை எழுதும் பாரம் இல்லை. 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்று சேரும்போதே கேளுங்கள்.

உங்கள் ஆசையும் வீணாகாது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதை அப்போது அவனே முடிவு செய்யட்டும். ஓசூர் சிப்காட், பர்கூர், போச்சம்பள்ளி என்று நம் பக்கத்திலேயே தொழிற்சாலைகள் இருப்பதால், அப்ரென்டிஸ் பயிற்சிக்கும் தூரம் போக வேண்டியதில்லை.

பேக்கரி வேலையில் இழிவு ஏதுமில்லை. ஆனால் 'படிப்பு வரல, வேலைக்கு அனுப்பு' என்ற பேச்சோடு அனுப்பினால், தான் ஆகாதவன் என்பதுதான் அவன் மனதில் தங்கும். அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

அட்மிஷனுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சைக்காலஜிஸ்ட் கொடுத்த ரிப்போர்ட் மட்டும் போதாது. அரசு மருத்துவமனையின் சான்றும், அதை வைத்து வரும் யு.டி.ஐ.டி. அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில், டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடும்' ஒன்று. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று வந்தால், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும், அரசு வேலையில் ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவுகளோடு சேர்த்து 1 சதவீதமும் உண்டு. எழுத்துத் தேர்வுகளில் அவன் சொல்லச் சொல்ல எழுதித் தருபவரை வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கேட்கலாம். பள்ளிப் பொதுத்தேர்விலும் இப்படிச் சலுகைகள் உண்டு. பத்தாவதில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது, எனக்கு அதுதான் வருத்தம். 18 வயதில் மறுபடி ஒரு முறை பரிசோதனை வரும். அப்போது வாங்கும் சான்று ஆயுளுக்கும் செல்லும், அதைத் தவறவிடாதீர்கள்.

சேர்ந்த பிறகு வகுப்பாசிரியரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போய் நேரடியாகப் பேசுங்கள்: "படிச்சுக் காட்டச் சொல்லாதீங்க சார், செஞ்சு காட்டச் சொல்லுங்க." தியரி பக்கத்தைப் போனில் படம் எடுத்தால் கூகுள் லென்ஸ் அதைத் தமிழில் வாசித்துக் காட்டும். அவன் எழுத வேண்டியதை வாயால் சொல்லி டைப் செய்யவும் வசதி இருக்கிறது. அளவுகளில் 69-ம் 96-ம் மாறிப்போகிறதா என்று கவனியுங்கள். மாறினால், எழுதியதை வாய்விட்டு ஒரு முறை திருப்பிச் சொல்லும் பழக்கத்தை வைக்கலாம். ஒயர் முனைகளுக்குக் கலர் டேப் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அவனுக்குத் தெரியாமல் முடிவு செய்ய வேண்டாம். டிஸ்லெக்சியா என்றால் என்ன என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? இத்தனை வருடம் சோம்பேறி என்று திட்டு வாங்கியிருப்பான். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களே சொல்லுங்கள். சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட், ஆதார், பத்தாவது மார்க் ஷீட், போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே அவனோடு தர்மபுரி கலெக்டர் அலுவலகம் போய், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பரிசோதனைக்கு எந்த நாள் வரவேண்டும் என்று கேளுங்கள்.