அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது?

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். போர்முனையில் ஆயிரம் நாள் நின்றதால்தான் ரஷ்ய எழுத்தாளர் வசீலி கிராஸ்மன் பெரிய நாவலாசிரியர் ஆனார் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன் என்று. எனக்கு அதற்குமேல் படிக்க ஓடவில்லை. நான் 11 வருடமாக நிருபர். விபத்து, வெள்ளம், கலவரம் என்று பார்க்காதது இல்லை. பார்த்ததையெல்லாம் வைத்து மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். எழுதியதை எடுத்துப் படித்தால் நீளமான செய்தி மாதிரி இருக்கிறது. கிராஸ்மனுக்கு அனுபவம் கைகொடுக்கவில்லை என்றால் வேறு எது கைகொடுத்தது? ஓர் அத்தியாயம் இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

ர.

அன்புள்ள ர.,

அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கிராஸ்மன் நிருபராக இருந்து பிறகு கதை எழுத வந்தவர் இல்லை. 1905இல் உக்ரைனின் பெர்திசேவ் ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது வேதியியல். தொன்பாஸ் சுரங்கப் பகுதியில் எஞ்சினியர் வேலை பார்த்தார். 1934இல் வந்த ஒரு சிறுகதையால் கார்க்கியின் கண்ணில் பட்டார். போர் வருவதற்கு முன்பே நாவலும் எழுதிவிட்டார். 1941இல், ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தபோது, அவருக்கு 35 வயது. தடித்த கண்ணாடி, பருத்த உடம்பு, கையில் ஒரு தடி. படையில் சேர்க்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவரை 'செந்நட்சத்திரம்' என்ற சோவியத் செம்படை நாளிதழ் நிருபராக எடுத்துக்கொண்டது.

நிருபர் வேலையில் அவர் கில்லாடி, அதில் சந்தேகமே இல்லை. ஸ்டாலின்கிராடில் குர்த்தியேவ் என்று ஒரு தளபதி இருந்தார். சைபீரியப் படைப்பிரிவின் தலைவர், வாயைத் திறக்காத மனிதர். சண்டை உச்சத்தில் இருந்த நேரத்தில் அவரை கிராஸ்மன் ஆறு மணி நேரம் பேசவைத்தார். மற்ற நிருபர்கள் வாயடைத்துப் போனதாக நாளிதழின் ஆசிரியர் ஆர்ட்டன்பெர்க் எழுதியிருக்கிறார். வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது கிராஸ்மன் நோட்டை எடுக்கமாட்டார். சும்மா உட்கார்ந்து கேட்பார், இரவு தங்குமிடத்துக்குத் திரும்பி நினைவிலிருந்து எழுதுவார். (மைக்கை முகத்துக்கு நேரே நீட்டும் உங்கள் தொழில்காரர்களை நினைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

அந்த நோட்டுகளை வைத்திருப்பதே ஆபத்து, போர்முனையில் நாட்குறிப்பு எழுத அனுமதி கிடையாது. அதில் ஒரு குறிப்பு வரும். சொந்தப் படையாலேயே மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு சிப்பாய். சுடுகிறார்கள், உடையைக் கழற்றிப் புதைக்கிறார்கள். அன்றிரவே அவன் இரத்தம் தோய்ந்த உள்ளாடையோடு தன் படைப்பிரிவுக்குத் திரும்பி வருகிறான். மறுபடியும் சுடுகிறார்கள். அவ்வளவுதான், நாலைந்து சின்னச் சின்ன வாக்கியங்கள். இது நாளிதழில் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது.

ஆக, பார்த்தது நிறைய. ஆனால் பாருங்கள், 1942இல், போருக்கு நடுவிலேயே, விடுப்பு வாங்கிக்கொண்டு ஒரு போர் நாவல் எழுதினார். 'சாகாத மக்கள்' என்று பெயர். முற்றுகையில் சிக்கிய ஒரு படை உடைத்துக்கொண்டு வெளியே வரும் கதை. நாளிதழில் தொடராக வந்து, சிப்பாய்கள் விரும்பிப் படித்தார்கள். அதே ஆள், அதே கண், சூடு ஆறாத அனுபவம். இன்று எடுத்துப் படித்தால் நல்ல பக்கங்கள் இருக்கின்றன, நடுநடுவே கொட்டாவியும் வருகிறது. அனுபவம் போதும் என்றால் அந்த நாவல் அல்லவா, அவர் பிற்பாடு எழுதிய பெரிய நாவலான 'வாழ்வும் விதியும்' ஆகியிருக்க வேண்டும்?

என்ன குறைந்தது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது அவருடைய அம்மாவின் விஷயம்தான்.

அம்மா பெர்திசேவில் இருந்தார், பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். போர் மூண்டதும் மாஸ்கோவுக்குக் கூட்டிவந்திருக்கலாம். வீட்டில் இடம் போதாது என்று பேச்சு வந்தது. மகன் தள்ளிப்போட்டார். ஜூலை 7 அன்று ஊர் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது. செப்டம்பர் 15 அன்று ஊருக்கு வெளியே விமானத் தளத்தின் பக்கம் குழிகளின் ஓரத்தில் நிறுத்தி ஒரே நாளில் சுமார் 12,000 யூதர்களைச் சுட்டுக்கொன்றார்கள். அம்மாவும் அதில் போய்விட்டார். எத்தனையோ தாய்மார்களிடம் பேசிப் பேசி எழுதிய மனிதர், சொந்த ஊருக்குள் கால்வைத்தது 1944 ஜனவரியில்தான். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். விசாரித்ததைக் கட்டுரையாகவும் எழுதினார். ஆனால் அம்மா கடைசி நாட்களில் என்ன நினைத்தார் என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

இனி நாவலுக்கு வருவோம். கதாநாயகன் விக்டர் ஷ்த்ரூம் இயற்பியலாளன். அவன் அம்மாவும் அதே மாதிரி ஓர் ஊரில் மாட்டிக்கொண்ட கண் மருத்துவர். யூதர்களை அடைத்த சேரியிலிருந்து அவள் மகனுக்கு எழுதிய கடைசிக் கடிதம் பல கைகள் மாறி அவனிடம் வந்து சேர்கிறது. 1952இல் வெளிவந்த முதல் பாகத்தில் கடிதம் வருகிறது, விக்டர் படிக்கிறான், நமக்கு அதில் ஒரு வரி காட்டப்படவில்லை. அதில் என்ன இருந்தது என்று தெரியாமலே அந்தப் பெரிய புத்தகம் முடிகிறது. இரண்டாம் பாகமான 'வாழ்வும் விதியும்' நாவலில்தான் கடிதம் முழுதாக வருகிறது. தணிக்கை ஒரு காரணமாக இருந்திருக்கும். அது மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

கடிதத்தில் அழுகையே இல்லை என்று சொல்லிவிடலாம். வீட்டைவிட்டுப் போகும்போது அவள் எடுத்துக்கொண்டவை: ஒரு தலையணை, கொஞ்சம் துணிமணி, மகன் எப்போதோ கொடுத்த கோப்பை, ஒரு கரண்டி, ஒரு கத்தி, இரண்டு தட்டு. அப்புறம் புத்தகங்கள், அதில் செக்காவ் ஒன்று. அங்கே போயும் கண் வைத்தியம் பார்க்கிறாள், ஒரு பையனுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். கிராஸ்மனுக்கு இதையெல்லாம் யாரும் வந்து சொல்லவில்லை. தன் அம்மாவைத் தெரிந்த அளவை வைத்துக்கொண்டு, வராமல் போன கடிதத்தைத் தானே எழுதித் தனக்கே அனுப்பிக்கொண்டார்.

திரெப்ளிங்கா விஷயமும் இப்படித்தான். போலந்தில் ஜெர்மானியர் நடத்திய அந்தக் கொலை முகாமின் மண்ணில் 1944இல் நடந்தவர் அவர். தடயத்தை மறைக்க ஜெர்மானியர் அங்கே லூபின் என்ற செடியை விதைத்திருந்தார்கள். கால் வைத்தால் மண் உள்வாங்குகிறது, எலும்புத் துண்டும் கிழிந்த சட்டையும் மேலே வருகின்றன. தப்பியவர்களையும் சுற்றுப்புற விவசாயிகளையும் பிடிபட்ட காவலர்களையும் விசாரித்து எழுதிய கட்டுரை, நாஜித் தலைவர்கள்மீது நடந்த நூரம்பெர்க் விசாரணையில் பயன்பட்டது. ஆனால் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் தவறிவிட்டார். ரயில்களையும் பெட்டிகளையும் வைத்துக் கணக்குப் போட்டு சுமார் 30 லட்சம் என்றார். இன்று ஆய்வாளர்கள் சொல்வது ஏழு லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம்வரை. அதற்காக அவரைக் குறைசொல்ல மாட்டேன். அந்த மண்ணில் நின்றுகொண்டு யாருக்குக் கணக்கு வரும்?

கட்டுரையாளர் விஷவாயு அறையின் கதவுவரை போகிறார். உள்ளே நடந்ததை 'எப்படி இருந்திருக்கும்' என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறார். நாவலில் அவர் கதவைத் தாண்டிவிடுகிறார். சோஃபியா என்ற ராணுவ மருத்துவர், கல்யாணம் ஆகாதவள். ரயில் பெட்டியில் தாவீது என்ற தனியான பையன் அவளோடு ஒட்டிக்கொள்கிறான். மருத்துவர்கள் இருந்தால் வரிசையைவிட்டு வெளியே வாருங்கள் என்று அறிவிக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. பையன் ஒரு தீப்பெட்டிக்குள் கூட்டுப்புழு வைத்திருக்கிறான். உள்ளே போவதற்கு முன்னால் அதைத் தூக்கி எறிகிறான், அதாவது பிழைக்கட்டும் என்று. எந்தச் சாட்சியும் இதைச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் சொல்ல ஆள் மிச்சமில்லை. நான் நாவலை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தத் தீப்பெட்டிக்கு அப்புறம் மூடிவைத்துவிட்டு எழுந்து போனேன்.

அனுபவம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரயில் பெட்டியின் வாடையும் வரிசை நகரும் வேகமும் நிருபர் கொண்டுவந்து கொடுத்தவை. அவை இல்லாவிட்டால் தீப்பெட்டி வெறும் ஜோடனை ஆகியிருக்கும்.

குற்ற உணர்ச்சியையும் விடக்கூடாது. 1953இல், யூத மருத்துவர்கள்மீது ஸ்டாலின் அரசு பொய்க் குற்றம் சாட்டியபோது, அவர்களைத் தண்டிக்கச் சொல்லும் ஒரு கடிதத்தில் கிராஸ்மனும் கையெழுத்துப் போட்டார். நாவலில் விக்டரும் அந்த மாதிரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மாவை நினைத்துக் கூனிக் குறுகுகிறான். இதை வெளியிலிருந்து பார்த்து எழுத முடியாது.

மீதிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1961 பிப்ரவரியில் சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபி வந்து நாவலின் கைப்பிரதிகளோடு கார்பன் தாளையும் தட்டச்சு நாடாவையும்கூட அள்ளிக்கொண்டு போனது. இருநூறு வருடத்துக்கு இதை வெளியிட முடியாது என்ற மாதிரி கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவரான சுஸ்லோவ் சொன்னார். 1964இல் புற்றுநோயில் கிராஸ்மன் போய்ச்சேர்ந்தார். நண்பர்கள் ஒளித்துவைத்த பிரதி மைக்ரோஃபிலிமாக எல்லை கடந்து 1980இல் சுவிட்சர்லாந்தில் அச்சேறியது, சொந்த நாட்டில் 1988இல். வோல்கா கரையில் மமாயெவ் குன்றின் நினைவிடத்தில் அவருடைய ஸ்டாலின்கிராட் கட்டுரையின் வரிகளைக் கல்லில் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள். பேரை மட்டும் போடவில்லை.

கைப்பிரதிகள் பறிபோன அதே வருடம், அம்மா இறந்து இருபது வருடம் ஆனபோது, அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் செத்த பிறகும் நீ இந்தப் புத்தகத்தில் இருப்பாய் என்ற அர்த்தத்தில் அதில் ஒரு வரி வரும். எழுதிய நேரத்தில் அந்தப் புத்தகம் அரசாங்க அலமாரியில் கிடந்தது.

சரி, உங்கள் அத்தியாயம். பேருந்து விபத்து, பிணவறை வாசல், காத்திருக்கும் மனிதர்கள். நேரம், ஆட்களின் வயது, யார் எந்த வரிசையில் உள்ளே போனார்கள் என்பதெல்லாம் கச்சிதமாக இருக்கிறது. நடுவில், சுவரோரம் ஒரு பெரியவர் மடியில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருக்கிறார், பைக்குள் ஒரு ஜோடி புதுச் செருப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் போலீஸ் ஜீப் வந்துவிடுகிறது. செருப்பு யாருக்கு வாங்கியது என்று நீங்கள் அவரைக் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருக்கவும் முடியாது என்று புரிகிறது. ஜீப்பை எடுத்துவிட்டு அங்கிருந்து ஒரு இருபது பக்கம் எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.