ட்ரஸ்ட்: மெட்டு எங்கே இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு ஹார்ட் ராக் பற்றிய குறிப்பில், ட்ரஸ்ட் குழுவின் ‘ரெப்ரெஸ்யோன்’ ஆல்பத்தை மெட்டின் அழகுக்காகவே கேட்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்கக் குழுவான ஆந்த்ராக்ஸ் பாடிய ‘ஆன்ட்டிசோஷியல்’ கல்லூரி நாட்களிலிருந்தே எனக்குப் பிடித்த பாடல். அதன் மூலப் பாடல் இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது என்று அறிந்து ஆவலுடன் முழுவதையும் கேட்டேன். ஏமாற்றமே மிஞ்சியது. பாடகர் பாடவில்லை, கத்துகிறார். பிரெஞ்சு தெரியாததால் எதற்காகக் கத்துகிறார் என்பதும் பிடிபடவில்லை. ஆங்கில வடிவத்தைத் தேடிக் கேட்டேன். அது இன்னும் சப்பென்று இருந்தது. நீங்கள் சொல்லும் மெட்டு இதில் எங்கே இருக்கிறது?

கே.,
திருச்சி

அன்புள்ள கே.,

உங்கள் காதில் பழுதில்லை. ட்ரஸ்டின் பாடகர் பெர்னி போன்வுவாஸனின் குரலில் மெட்டைத் தேடினால் அதிகம் அகப்படாது. நீங்கள் ஆந்த்ராக்ஸ் வழியாக வந்து சேர்ந்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அவர்களுடைய பாடகர் ஜோயி பெல்லடோனா மேல் ஸ்தாயியில் நின்று, வரிகளை நீட்டி இழைத்துப் பாடுபவர். 1988இல் ‘ஸ்டேட் ஆஃப் யூஃபோரியா’ ஆல்பத்துக்காக இந்தப் பாடலை எடுத்துக்கொண்டபோது, மூலத்தில் வசைபோல் வந்து விழும் வரிகளுக்கு அவர் ஓர் இசைவைக் கொடுத்துவிட்டார். அதைக் கேட்டுப் பழகிய காது, மூலத்திலும் மெட்டைக் குரலிடமே கேட்கிறது.

ட்ரஸ்டில் மெட்டு கிட்டாரிடம் இருக்கிறது. அதாவது நோனோ என்று அழைக்கப்படும் நோர்பெர் க்ரீஃபிடம். ‘ஆன்ட்டிசோஷியல்’ பாடலை மீண்டும் ஒருமுறை, குரலை மறந்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். போன்வுவாஸன் வாய் திறப்பதற்கு முன்பே கிட்டார் மெட்டைச் சொல்லிவிடுகிறது. நாம் பிறகு முணுமுணுப்பதும் அதைத்தான். சரணங்களில் கிட்டார் அடக்கி வாசித்துத் தாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ள, அதன்மேல் போன்வுவாஸன் சொற்களை நெருக்கி அடுக்கிக்கொண்டே போகிறார். உழைத்து உழைத்துக் கடைசியில் தன் கல்லறைக்கே பணம் கட்டும் ஒரு மனிதனிடம் பேசும் வரிகள் அவை. பல்லவியில்தான் குரலும் கிட்டாரும் ஒன்றுசேர்கின்றன. சரணம் முழுக்க மெட்டு மறுக்கப்பட்டிருப்பதால்தான் பல்லவி அத்தனை விரிந்து ஒலிக்கிறது. எல்லா வரிகளையும் இனிமையாகப் பாடியிருந்தால் அந்த விரிவு கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு. ஆந்த்ராக்ஸ் வடிவத்தை நான் ஒரு படி கீழே வைப்பதும் அதனால்தான்.

இந்த வேலைப் பங்கீடு ‘ல மித்தார்’ பாடலில் இன்னும் தெளிவாகத் தெரியும். மித்தார் என்பது சிறைக்குள் தண்டனையாக அடைக்கப்படும் தனிமைக் கொட்டடி. அந்தப் பாடலின் சொற்கள் ழாக் மெஸ்ரின் எழுதியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. பிரான்சின் அன்றைய பெயர்போன கொள்ளையரான மெஸ்ரின், 1978 மே மாதம் பாரிஸின் லா சாந்தே சிறையிலிருந்து தப்பி, உயர் பாதுகாப்புச் சிறைப் பிரிவுகளுக்கு எதிராகக் குரல் கொடுத்துவந்து, 1979 நவம்பர் 2 அன்று போர்ட் த க்ளிஞான்கூர் அருகே காருக்குள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆல்பம் வெளிவந்தது அதற்கடுத்த ஆண்டு, 1980இல். மெட்டு எதையும் மனத்தில் வைத்து எழுதப்படாத எழுத்தை அதன் கடுமை குறையாமல் பாடலாக்க வேண்டுமென்றால், இனிமையை வேறொருவர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நோனோ ஏற்றுக்கொள்கிறார்.

எதற்காகக் கத்துகிறார் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அன்றைய செய்தித்தாளுக்காக. ‘முஸ்யோ கொமேதி’ பாடலின் இலக்கு, ஈரானுக்குத் திரும்புவதற்கு முன் பாரிஸுக்கு அருகில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்த அயத்துல்லா கொமேனி. இன்னொரு பாடல் மதக் குழுக்களைச் சாடுகிறது. அந்தப் பாடல் எனக்கும் அவ்வளவாகப் பிடித்ததில்லை. கோபம் பொதுவாகிவிட்டால் போன்வுவாஸனின் வரிகள் தளர்ந்துவிடுகின்றன.

ஆங்கில வடிவம் பற்றிய உங்கள் கருத்தோடு முழுதும் உடன்படுகிறேன். ஏசி/டிசி குழுவின் பாடகர் போன் ஸ்காட் இவர்களுக்கு நெருங்கிய நண்பர். ‘ரெப்ரெஸ்யோன்’ லண்டனில் பதிவாகிக்கொண்டிருந்தபோது, 1980 பிப்ரவரி 13 அன்று, ஸ்கார்ப்பியோ சவுண்ட் ஸ்டுடியோவுக்கு வந்து இவர்களோடு தன் குழுவின் ‘ரைடு ஆன்’ பாடலைப் பாடினார். ஆறு நாட்களில் இறந்துபோனார். ஆங்கில வரிகளில் அவர் உதவுவதாக இருந்தது. பிறகு அந்தப் பணி ஷாம் 69 குழுவின் ஜிம்மி பர்சிக்குப் போனது. பர்சி திறமையில்லாதவர் அல்லர். ஆனால் பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழும். போன்வுவாஸன் அசைகளைச் சரசரவென்று உதிர்த்துக்கொண்டே வந்து, கடைசி அசையை டிரம்ஸின் அடியோடு சேர்த்து இறக்குவார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் தன் அழுத்தத்தைத் தனியாகச் சுமந்து வருவதால் அந்த ஓட்டம் வரிக்கு வரி தடுக்கப்படுகிறது. போதாக்குறைக்கு அதைப் பாடும் போன்வுவாஸனும் தனக்குப் பழக்கமில்லாத மொழியில் பாடுகிறார். கிட்டார் அதேபடி இருந்தும் பாடல் எழவில்லை என்பது, குரல் வெறும் கத்தல் அல்ல, தாளத்தின் பாதிப் பொறுப்பு அதனிடம் இருக்கிறது என்பதற்குச் சான்று. ஆகவே பொருள் புரியாவிட்டாலும் பிரெஞ்சிலேயே கேட்பது நல்லது.

ஆந்த்ராக்ஸும் இதை உணர்ந்திருக்க வேண்டும். 1989இல் அதே பாடலைப் பிரெஞ்சிலும் பாடி வெளியிட்டார்கள். உச்சரிப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் மன்னித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். மூலத்துக்குப் போகத் தயங்கும் உங்களுக்கு அது நல்ல நடுவழி.

அதன் பிறகும் ட்ரஸ்ட் மீது மனம் இருந்தால், 1981இல் வந்த ‘மார்ஷ் ஊ க்ரேவ்’ ஆல்பத்தைக் கேளுங்கள். பின்னாளில் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் குழுவுக்குச் சென்ற நிக்கோ மெக்பிரெய்ன்தான் அதில் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். நோனோவின் மெட்டுகளுக்கு இன்னும் உறுதியான தரை கிடைத்திருக்கிறது. அதற்கும் ‘சாவேஜ்’ என்ற பெயரில் ஓர் ஆங்கில வடிவம் 1982இல் வந்தது. அதை நீங்கள் தேட வேண்டியதில்லை.